காணாத கண்ணின் கணக்கு

"எண்சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம்" என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். அந்தச் சிரசிற்குப் பிரதானம் யாது என்று கேட்டால், கண்ணே என்று குழந்தையும் விடை பகரும். அன்பு மேலிட்டபோது தாய் தன் மகவைக் "கண்ணே" என்கிறாள்; "கண்மணி" என்கிறாள். ஒன்றைப் போற்றிக் காக்கவேண்டுமாயின், கண்ணை இமை காப்பதுபோலக் காக்கவேண்டும் என்கிறோம். அத்துணை அருமை வாய்ந்த கண்களுள் ஒன்று நோயினாலோ விபத்தினாலோ போய்விட்டால், அதன் இடத்தை நிரப்புவது எது?

மருத்துவ விஞ்ஞானம் எவ்வளவோ முன்னேறியிருக்கின்றது. இருதயத்தை மாற்றுகின்றார்கள், சிறுநீரகத்தை மாற்றுகின்றார்கள். 2023ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்து வைத்தியர்கள் இறந்த ஒருவரின் முழுக் கண்ணையும் எடுத்து, உயிருள்ள ஒருவரின் முகத்தில் பொருத்தினார்கள். அக்கண்ணில் இரத்தம் ஓடிற்று; ஆனால் பார்வை வரவில்லை. ஆகவே, கண்ணை முழுதாக இழந்தவருக்கு இன்றும் கிடைப்பது செயற்கைக் கண் ஒன்றே. அது காணாது, காணப்படும். அவ்வளவே அதன் தொழில்.

காணாத ஒரு கண்ணுக்குக் காசு கொடுப்பவர் யார்? "இதனால் பார்வை கிடைக்கப்போவதில்லையே! இது வெறும் அழகுப் பொருள்தானே?" என்று பணம் கொடுக்கவேண்டியவர் கேட்டுவிட்டால் என்ன விடை சொல்வது? ஐக்கிய அமெரிக்காவிலே இந்தக் கேள்விக்குச் சட்டத்திலுள்ள ஒரு தொடரும், குறியீட்டு நூலிலுள்ள சில இலக்கங்களும் விடை சொல்கின்றன. அவ்விரண்டும் சொல்லும் விடை எப்பொழுதும் ஒன்றாக இருப்பதில்லை. அந்த வேற்றுமையினால் அலைக்கழியும் குடும்பங்களின் கதையே இக்கட்டுரை.

ஒரு தாயின் கதை

இங்கே ஒரு தாயைக் கற்பனை செய்துகொள்வோம். அவளுக்குப் பெயர் வேண்டியதில்லை. அவள் நிலையில் உள்ள தாய்மார் உண்மையாகவே பலர் இருக்கின்றார்கள். அவளுடைய மகனுக்கு வயது இரண்டு. பிறந்தநாளன்று எடுத்த புகைப்படத்திலே, குழந்தையின் ஒரு கண்மணி செந்நிறமாகவும் மற்றது வெண்ணிறமாகவும் தெரிகின்றது. ஏதோ படத்தின் குறை என்று முதலில் எண்ணுகிறாள். மனம் கேளாமல் வைத்தியரிடம் ஓடுகிறாள். விழித்திரையிலே புற்றுநோய் என்கிறார் வைத்தியர். பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளையே தாக்கும் நோய் இது. இக்குழந்தையின் நோய் முற்றிவிட்டமையால், கண்ணைக் காப்பதா, உயிரைக் காப்பதா என்ற நிலை வந்துவிட்டது. எந்தத் தாய்தான் தயங்குவாள்? கண்ணை எடுத்துவிட உடன்படுகிறாள்.

சத்திர சிகிச்சையின்போது வைத்தியர் கண்கோளத்தை அகற்றி, அது இருந்த குழியிலே ஒரு சிறு உருண்டையை வைக்கிறார். கண்ணை அசைக்கும் தசைகளை அந்த உருண்டையோடு பிணைத்துவிடுகிறார். அதன்மேல் இழைமங்களை மூடித் தைத்து, இமைகள் சுருங்கிவிடாதிருக்க ஒளி ஊடுருவும் மெல்லிய ஓடு ஒன்றை இமைகளுக்கு உள்ளே பொருத்துகிறார். ஆறு முதல் எட்டு வாரங்களில் புண் ஆறிவிடும். அதன் பின்னரே செயற்கைக் கண் செய்பவரிடம் குழந்தையை அழைத்துச் செல்லவேண்டும்.

இத்தனை துயரத்திற்கும் நடுவே, தாய் அறியாத இன்னொரு வேலை வைத்தியசாலையின் கணக்குக் கந்தோரிலே நடந்துகொண்டிருக்கின்றது. அங்குள்ள இலிகிதர் ஒருவர், வைத்தியரின் குறிப்பேட்டை வாசித்து, நடந்தவை ஒவ்வொன்றையும் எண்களாக மாற்றுகிறார். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966ஆம் ஆண்டு முதன்முதலாக வெளியிட்டு, அன்று தொட்டுத் திருத்தி வரும் குறியீட்டு நூலின்படி, கண்ணை எடுத்து, உருண்டை வைத்து, அதனோடு தசைகளையும் பிணைத்த சிகிச்சையின் எண் 65105. தசைகளைப் பிணைக்காவிட்டால் 65103. உருண்டையே வைக்காவிட்டால் 65101. கடைசி இலக்கம் ஒன்று மாறினால், நடந்த சிகிச்சையே வேறாகிவிடும். கிடைக்கும் பணமும் மாறிவிடும். வைத்தியரின் கத்திக்கு எவ்வளவு கவனம் வேண்டுமோ, அவ்வளவு கவனம் இலிகிதரின் விரலுக்கும் வேண்டும்.

யுத்தம் தந்த கண்

செயற்கைக் கண் எவ்வாறு உருவாகின்றது என்பதை அறிந்தாலன்றி அதன் கணக்கு விளங்காது. ஆகவே சிறிது பின்னோக்கிச் செல்வோம்.

பதினாறாம் நூற்றாண்டிலே பிரான்ஸ் தேசத்துச் சத்திர வைத்தியர் அம்புறுவாஸ் பாரே, பொன்னாலும் பூச்சு வேலையாலும் ஆன கண்களைப் பற்றி எழுதியிருக்கிறார். பின்னர் கண்ணாடிக் கண்கள் வந்தன. ஜேர்மனியிலே லவுஷா என்னும் சிற்றூர் கண்ணாடித் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அவ்வூர்க் கைவினைஞர் லுட்விக் முல்லர்-ஊரி 1835ஆம் ஆண்டில் மனிதருக்கான கண்ணாடிக் கண்களை அங்கே செய்யத் தொடங்கினார். அதன் பின் உலகின் பல பகுதிகளும் கண்ணுக்காக ஜேர்மனியையே எதிர்பார்த்திருந்தன, அமெரிக்காவும் அப்படியே.

இரண்டாவது உலக யுத்தம் மூண்டது. ஜேர்மனியிலிருந்து கண்கள் வருவது நின்றது. அதே வேளையில், யுத்த களத்திலே கண்ணிழந்த இளைஞர் தொகையோ பெருகிற்று. அப்பொழுது அமெரிக்க இராணுவத்தின் பல் வைத்தியர்களான ஸ்டான்லி ஏர்ப், மில்ட்டன் வேர்ட்ஸ், விக்டர் டீட்ஸ் என்னும் மூவரும் வெவ்வேறு இடங்களில் இருந்தபடியே ஒரே வழியை நாடினர். பொய்ப்பல் கட்டுவதற்குப் பயன்படும் அக்கிரிலிக் பிளாஸ்டிக்கைக் கொண்டு கண் செய்தால் என்ன? இராணுவம் அவர்களைப் பென்சில்வேனியா மாகாணத்திலுள்ள வலி போர்ஜ் இராணுவ வைத்தியசாலையிலே ஒன்றுசேர்த்தது. அங்கே பிறந்த முறையே இன்று அமெரிக்காவிலும் வேறு பல நாடுகளிலும் வழங்குகின்றது. ஜேர்மனியிலோ இன்றும் கண்ணாடிக் கண்ணுக்கே மதிப்பு அதிகம்.

இக்கண்ணைச் செய்பவரை அமெரிக்கர் "ஒக்கியுலரிஸ்ட்" என்பர். நாம் கண் வினைஞர் என்போம். அவர்களுடைய சங்கம் 1957ஆம் ஆண்டில் தோன்றியது. அச்சங்கத்தின் முறைப்படி இத்தொழிலைப் பயில விரும்புவோர் ஐந்து ஆண்டுகள், பத்தாயிரம் மணி நேரம், ஒரு மூத்த வினைஞரின் அருகிலிருந்து கற்கவேண்டும். கண் வினைஞர், பல் வைத்தியர் அச்செடுப்பதுபோல, கண்குழியின் அச்சை எடுக்கிறார். மெழுகிலே வடிவம் செய்து இமைகளுக்குள் வைத்துப் பார்க்கிறார். அந்த வடிவத்திலிருந்து வார்ப்புச் செய்து, வெண்ணிறப் பிளாஸ்டிக்கை அதனுள் இறுக்கி வேகவைக்கிறார். பின்னர் நோயாளியை எதிரே இருத்தி, மற்றக் கண்ணைப் பார்த்துப் பார்த்து, கருவிழியின் நிறத்தைத் தூரிகையால் தீட்டுகிறார். மிக மெல்லிய செந்நிற நூலிழைகளைப் பதித்து நரம்புகளையும் காட்டுகிறார். அதன்மேல் தெளிந்த பிளாஸ்டிக் படலமொன்றைப் போர்த்தி, நீர்த்துளிபோல் ஒளிரும்வரை மெருகிடுகிறார்.

செயற்கைக் கண் என்றதும் உருண்டையான பந்து ஒன்றையே பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது வளைந்த ஓடு போன்றது. உள்ளே இருக்கும் உருண்டை தசைகளால் அசையும்போது, மேலே இருக்கும் ஓடும் ஓரளவு அசைகின்றது. இருளிலும் வெளிச்சத்திலும் கண்மணி சுருங்கி விரிவதில்லை என்பதொன்றே எளிதில் தெரியும் வேற்றுமை.

எண்களின் மொழி

நமது கற்பனைத் தாயிடம் மீண்டும் வருவோம். கண் வினைஞர் தம் வேலையை முடித்துவிட்டார். சில ஆயிரம் டொலர் செலவு. பற்றுச்சீட்டிலே ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் காணப்படுகின்றன: வீ-2623. ஒருவருக்கென்றே அளவெடுத்துச் செய்த பிளாஸ்டிக் செயற்கைக் கண் என்பது அதன் பொருள். பிளாஸ்டிக் என்ற சொல்லைக் கவனியுங்கள். யுத்த காலத்தில் மூன்று பல் வைத்தியர்கள் செய்த மாற்றம் கணக்குப் புத்தகத்திலும் பதிந்துவிட்டது. கண்ணாடிக் கண்ணுக்கென்று தனி எண் இல்லை. "வேறு வகைக் கண்" என்னும் வீ-2629 என்பதிலேதான் அது அடங்கவேண்டும்.

பொருள்களுக்கும் கருவிகளுக்குமான இந்தக் குறியீட்டு முறையை அமெரிக்க மத்திய அரசாங்கம் 1978ஆம் ஆண்டில் வகுத்தது. 1996ஆம் ஆண்டின் சட்டமொன்றின் வழியாக, தனியார் காப்புறுதிக் கம்பனிகளும் மின்வழியே அனுப்பும் கணக்குகளில் பொதுக் குறியீடுகளையே ஏற்கவேண்டுமென்று ஆயிற்று. செயற்கைக் கண்ணுக்கு இதில் ஒரு சிறு குடும்பமே உண்டு. கண்ணை மெருகிட்டுப் புதுப்பித்தால் வீ-2624. பெரிதாக்கினால் வீ-2625. சிறிதாக்கினால் வீ-2626. பார்வையிழந்து சுருங்கிப்போன கண்ணை எடுக்காமலே, அதன்மேல் மூடுவதற்கு ஓடு செய்தால் வீ-2627. இமைகள் சுருங்காதிருக்கத் தாங்கியோடு ஒன்றைச் செய்து பொருத்தினால் வீ-2628.

செய்த வேலையைச் சொன்னால் மாத்திரம் போதாது. அதன் காரணத்தையும் சொல்லவேண்டும். அதற்கு வேறொரு நூல். நோய்களின் சர்வதேச வகைப்படுத்தலின் பத்தாவது பதிப்பை அமெரிக்கா 2015ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி தொட்டுக் கையாண்டு வருகின்றது. அதன்படி, நோயாலோ விபத்தாலோ சிகிச்சையாலோ கண் இல்லாமற் போனமைக்கு இஸட் 90.01 என்பது எண். பிறவியிலேயே கண் அமையாவிட்டால் கியூ 11.1, கண் மிகச் சிறிதாக அமைந்துவிட்டால் கியூ 11.2. இதில் ஒரு விந்தை உண்டு. இஸட் 90.01 என்பது கண் இல்லை என்று சொல்லுமேயன்றி, எந்தக் கண் இல்லை என்று சொல்லாது! ஆகவே பொருளின் எண்ணோடு வலக்கண்ணாயின் "ஆர். ரீ." என்றும், இடக்கண்ணாயின் "எல். ரீ." என்றும் இரண்டெழுத்துச் சேர்க்கவேண்டும். அவ்விரண்டெழுத்தை மறந்தாலும் மாற்றி எழுதினாலும், பற்றுச்சீட்டு வந்த வழியே திரும்பி வரக்கூடும்.

மெருகிட்டதற்குப் புதுக்கண் செய்ததாக எண் எழுதினால் அது வெறும் பிழையன்று; வேண்டுமென்றே செய்தால் சட்டப்படி குற்றம். எனவே நேர்மையான இலிகிதர், கூட்டியும் எழுதுவதில்லை, குறைத்தும் எழுதுவதில்லை.

சட்டம் சொன்ன சொல்

இனி நாம் முதலிலே கேட்ட கேள்விக்கு வருவோம். காணாத கண்ணுக்குப் பணம் கொடுக்கவேண்டுமா?

1965ஆம் ஆண்டு ஜூலை 30ஆந் திகதி, மிசூரி மாகாணத்து இன்டிபென்டன்ஸ் நகரிலே, முன்னாள் ஜனாதிபதி ஹரி ட்ரூமன் அருகிலிருக்க, ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் ஒரு சட்டத்திலே கையொப்பமிட்டார். அறுபத்தைந்து வயது கடந்தோருக்கான "மெடிகெயர்" என்னும் மருத்துவக் காப்புறுதி அவ்வாறு பிறந்தது. பின்னர் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால், நெடுநாள் உடற்குறையால் தொழில் செய்ய இயலாதோரும் அதில் சேர்க்கப்பட்டனர்.

அச்சட்டம் எவற்றுக்குப் பணம் கொடுக்கும் என்று சொல்லும் பட்டியலிலே, செயற்கைக் கால்கள், கைகள், கண்கள் என்ற மூன்றும் ஒரே வரியில் நிற்கின்றன. அதே சட்டம் எவற்றுக்குப் பணம் கொடாது என்று சொல்லும் பட்டியலையும் பாருங்கள். சாதாரண மூக்குக் கண்ணாடிக்குக் கொடாது, காது கேட்கும் கருவிக்குக் கொடாது, பொய்ப்பல்லுக்கும் கொடாது. கண்புரைச் சிகிச்சையின் பின் கண்ணுள்ளே வில்லை பொருத்தியவருக்கு ஒரு மூக்குக் கண்ணாடி கொடுப்பது போன்ற சில விதிவிலக்குகள் மாத்திரம் உண்டு.

பார்க்க உதவும் கண்ணாடிக்குப் பணம் இல்லை. பாராத கண்ணுக்குப் பணம் உண்டு! இது முரண்போலத் தோன்றலாம். ஆனால் ஆழ்ந்து நோக்கினால் சட்டத்தின் நியாயம் விளங்கும். மூக்குக் கண்ணாடி உடம்புக்கு ஓர் உதவி. செயற்கைக் கண்ணோ, இழந்த உறுப்பின் இடத்தில் நிற்பது. "இவ்வுறுப்பால் என்ன பயன்?" என்று சட்டம் கேட்கவில்லை. காலும் கையும் போலக் கண்ணும் உடம்பின் பகுதி. போனதை நிரப்புவது கடமை என்று அது கருதிற்று.

ஆகவே மெடிகெயர், வருடாந்தம் நோயாளி தானே ஏற்கவேண்டிய தொகை போக, தான் ஏற்றுக்கொண்ட விலையில் நூற்றுக்கு எண்பது பங்கைக் கொடுக்கின்றது. மிகுதி இருபது பங்கு நோயாளியுடையது. ஆண்டுக்கு இருமுறை மெருகிடுவதற்கு இடமளிக்கின்றது. ஐந்தாண்டுக்கு ஒரு புதுக்கண் என்பது பொதுவான கணக்கு. ஒருமுறை பெரிதாக்குவதற்கோ சிறிதாக்குவதற்கோ தனிச் சான்று கேட்பதில்லை. அதற்குமேல் வேண்டுமாயின் வைத்தியக் குறிப்பேட்டிலே காரணம் இருக்கவேண்டும். இவை யாவற்றுக்கும் மூலமாக வைத்தியரின் எழுத்தாணை இருத்தல் அவசியம்.

எழுத்து ஒன்று செய்த குழப்பம்

சட்டம் இவ்வளவு தெளிவாயிருக்கையில் குழப்பம் எங்கே வந்தது? எண்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்தவர்கள், செயற்கைக் காலையும் கையையும் "எல்" என்னும் எழுத்தின் கீழ் வைத்தார்கள். பார்வைக்கும் கேள்விக்கும் உரியவற்றை "வீ" என்னும் எழுத்தின் கீழ் வைத்தார்கள். மூக்குக் கண்ணாடியின் சட்டம், அதன் வில்லை, கண்மேல் ஒட்டும் வில்லை யாவும் வீ வகுப்பில் அடங்கின. செயற்கைக் கண்ணும் கண்தானே என்று அதையும் அங்கேயே சேர்த்துவிட்டார்கள். சட்டம் ஒரே மூச்சில் சொன்ன மூன்று உறுப்புகளுள், இரண்டு ஒரு வீட்டுக்கும் ஒன்று வேறு வீட்டுக்கும் போயின.

இன்னும் ஒரு வேடிக்கை கேளுங்கள். நோயின் கொடுமையால் கண்ணோடு இமைகளும் சுற்றியுள்ள தோலும் அகற்றப்பட்டவருக்கு, அவ்விடம் முழுவதையும் மறைக்கும் செயற்கை உறுப்பு ஒன்று செய்யப்படுகின்றது. அதன் எண் எல்-8042. ஆனால் அந்த இமைகளுக்கு நடுவே இருக்கும் கண்ணின் எண் வீ-2623. ஒரே முகத்திலே ஒரே துளையை மூடும் பொருளில், இமை ஒரு வகுப்பு. விழி ஒரு வகுப்பு!

இதனால் வந்த கேடு யாது? அமெரிக்காவிலே மருத்துவக் காப்புறுதி வேறு. மூக்குக் கண்ணாடிக்கும் பார்வைப் பரிசோதனைக்குமான பார்வைக் காப்புறுதி வேறு. "வீ" என்னும் எழுத்தைக் கண்டவுடனே, "இது பார்வைக் காப்புறுதியின் விஷயம், எம்முடையது அன்று" என்று மருத்துவக் காப்புறுதிக் கம்பனியின் இலிகிதர் கைகழுவிவிடக்கூடும். பார்வைக் காப்புறுதிக்காரரோ, "நாம் மூக்குக் கண்ணாடிக்கல்லவா பணம் கொடுக்கிறோம்? செயற்கை உறுப்புக்குக் கொடுப்பதில்லையே!" என்பார். இருவருக்கும் நடுவே தாய் நிற்கிறாள். இன்னொரு கம்பனி, "இது அழகுக்காகச் செய்யப்பட்டதாதலின் பணம் தருவதற்கில்லை" என்று கடிதம் எழுதலாம். நமது தாயின் மகனுக்கு வயது இரண்டேயாதலால், மெடிகெயர் அவனுக்கு உரியதன்று. குடும்பம் வறியதாயின் "மெடிகெயிட்" என்னும் திட்டம் உண்டு. 1967ஆம் ஆண்டு அதிற் சேர்க்கப்பட்ட விதியொன்று, இருபத்தொரு வயதுக்கு உட்பட்டோருக்கு மருத்துவத் தேவையானவற்றை அளிக்கவேண்டும் என்கின்றது. மற்றையோர் தத்தம் காப்புறுதிப் பத்திரத்திலே என்ன எழுதியிருக்கின்றதோ அதையே நம்பியிருக்கவேண்டும்.

அழகா, அவசியமா?

மறுப்புக் கடிதத்தைக் கண்டு மனம் ஒடிந்துவிடுவது வீண். 2010ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத்தின்படி, தனியார் கம்பனி மறுத்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் அக்கம்பனியிடமே மேன்முறையீடு செய்யலாம். அதுவும் பயன்படாவிட்டால், மருத்துவத் தேவை பற்றிய பிணக்கைக் கம்பனிக்குப் புறம்பான நடுவரிடம் நான்கு மாதங்களுக்குள் கொண்டுசெல்லலாம். மெடிகெயரின் தீர்ப்புக்கெதிரான முதல் முறையீட்டுக்குத் தவணை 120 நாட்கள்.

அந்த முறையீட்டிலே என்ன எழுதுவது? செயற்கைக் கண்ணின் மருத்துவத் தேவையை எழுதவேண்டும். குழந்தையின் கண்குழி எலும்பு வளர்வதற்கு உள்ளே நிறைந்திருக்கும் பொருள் ஒன்று வேண்டும். பிறவியிலேயே கண் அமையாத குழந்தைக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் பெரிய தாங்கியோடுகளை வைப்பது இதனாலேயே. வெறுங்குழியாக விட்டுவிட்டால் அப்பக்கத்து முகம் மற்றப் பக்கத்தோடு ஒத்து வளராது. இமைகள் உள்நோக்கிச் சுருங்கும். இமைமயிர் உள்ளே திரும்பிக் குத்தும். கண்ணீர் ஓடும் வழி கெடும். மெருகிடுவதும் வெறும் பளபளப்புக்காகவன்று. கண்ணீரிலுள்ள பொருள்கள் பிளாஸ்டிக்கின்மேல் படிந்து சொரசொரப்பாகி, இமையின் உட்புறத்தை அராவிப் புண்ணாக்கும். குழந்தை வளர வளரக் குழியும் வளருமாதலால் கண்ணைப் பெரிதாக்குவதும் ஆடம்பரமன்று. கால் வளர்ந்த பிள்ளைக்குப் பழைய சப்பாத்து எப்படிப் பொருந்தும்?

இவற்றையெல்லாம் வைத்தியரும் கண் வினைஞரும் தெளிவாக எழுதி, இஸட் 90.01 என்னும் காரண எண்ணையும், பக்கத்தைக் காட்டும் இரண்டெழுத்தையும் மறவாமல் இட்டு, "இது மூக்குக் கண்ணாடியன்று, செயற்கை உறுப்பு" என்று சுட்டிக்காட்டினால், மூடிய கதவு திறக்க வழியுண்டு. அனுபவமுள்ள கணக்கு இலிகிதர் "அழகு" என்ற சொல்லை அந்தக் கடிதத்தின் அருகேயும் வர விடமாட்டார்.

ஆனால், வாசகர்களே, இங்கேதான் மனத்தை உறுத்தும் ஒன்று இருக்கின்றது. அந்தத் தாய் உள்ளத்தின் அடித்தளத்திலே எதை எண்ணி அக்கண்ணைக் கேட்கிறாள்? எலும்பின் வளர்ச்சியும் கண்ணீரின் வழியும் உண்மைதான். எனினும் அவள் இரவில் விழித்திருந்து எண்ணுவது வேறு. நாளைக்குப் பள்ளிக்கூடத்திலே மற்றப் பிள்ளைகள் தன் மகனின் முகத்தைப் பார்த்துப் பேசுவார்களா, அல்லது பார்வையைத் திருப்பிக்கொள்வார்களா என்பதே அவள் கவலை. அந்தக் கவலையை எழுதுவதற்குப் பத்திரத்திலே இடமில்லை. அதற்கென்று ஓர் எண்ணும் இல்லை. எழுதினாலோ, "அழகுக்காக" என்று முத்திரை குத்தி மறுத்துவிடக்கூடும்.

மனிதன் மனிதனோடு பேசும்போது எதைப் பார்த்துப் பேசுகிறான்? வாயையா, காதையா? கண்ணைத்தானே! கோபமும் அன்பும் ஐயமும் நம்பிக்கையும் முதலிலே தெரிவது அங்கேதான். அப்படியானால், பிறர் தயக்கமின்றி நோக்கக்கூடிய முகத்தோடு உலகிலே நடமாடுவது அழகு சம்பந்தமான காரியமா, வாழ்வு சம்பந்தமான காரியமா? காணாத கண்ணுக்கும் தொழில் உண்டு. அது உலகத்தைக் காண்பதில்லை. உலகம் அதன் சொந்தக்காரரைக் காணும்படி செய்கின்றது.

இதை 1965ஆம் ஆண்டின் சட்டம் வேறு வகையில் ஒப்புக்கொண்டது எனலாம். செயற்கைக் கண் எதற்கு என்று அது விளக்கம் கேட்கவில்லை. கால், கை, கண் என்று எளிய சொற்களால் சொல்லிவிட்டு அப்பாற் சென்றது. பின்வந்த எண்களும் வகுப்புகளுமே அந்த எளிமையைச் சிக்கலாக்கின. எண்கள் இல்லாமல் பெரிய தேசமொன்றின் கணக்கு நடவாது என்பது மெய். ஆனால் எண்ணின் பின்னே ஒரு முகம் உண்டு என்பதை மறவாத இலிகிதரின் கையிலேதான் அவ்வெண் நன்மை செய்கின்றது.

நமது கற்பனைத் தாயின் முறையீடு ஏற்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதங்களுக்கொரு முறை மகனை மெருகிட அழைத்துச் செல்கிறாள். இடையிலே ஒருமுறை கண்ணைப் பெரிதாக்குகிறார்கள். பள்ளிக்குச் செல்லும் வயது வந்ததும் புதுக்கண் வருகின்றது. அவனது மருத்துவப் பத்திரங்களிலே இரண்டு எண்களை நாம் காணலாம். ஒன்று இஸட் 90.01: கண் இல்லை என்பது அதன் பொருள். மற்றது இஸட் 97.0: செயற்கைக் கண் இருக்கின்றது என்பது அதன் பொருள். இல்லை என்பதிலிருந்து இருக்கின்றது என்பதுவரை அந்தக் குடும்பம் நடந்த தூரம் எந்த நூலிலும் எழுதப்படவில்லை. ஆனால் பள்ளிக்கூட வாசலிலே அச்சிறுவனின் தோழன் அவன் முகத்தை நேரே நோக்கி, "விளையாட வருகிறாயா?" என்று கேட்கும்போது, அந்தத் தாய் அதை அறிவாள்.